அளந்தவர்களின் காகிதங்கள்

இயற்பியலாளர்களின் ஆவணங்கள் குறித்த இந்தக் கருத்தரங்கைத் தொடங்கிவைக்க அழைத்த அமைப்பாளர்களுக்கு என் நன்றி.

நாம் கூடியிருக்கும் சென்னை கே.கே. நகருக்குச் சற்றுக் கிழக்கே, சைதாப்பேட்டை, மாம்பலம் வானத்தின் வழியாக, 1820, 1821ஆம் ஆண்டுகளில் ஒரு பீரங்கிச் சத்தம் கடந்து போய்க்கொண்டிருந்தது. சுட்ட இடம் பரங்கிமலை. கேட்ட இடம் நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகம். இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர். அங்கிருந்த வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாமும் உதவியாளர்களும் வெளிச்சம் தெரிந்த கணத்திலிருந்து ஓசை வந்து சேரும்வரை நேரத்தை எண்ணினார்கள். கூடவே வெப்பம், காற்றழுத்தம், ஈரப்பதம், காற்றின் திசை எல்லாவற்றையும் எழுதிவைத்தார்கள். ஒலியின் வேகம் பருவத்துக்குப் பருவம் மாறுவது அந்தக் குறிப்புகளில் பதிவாயிற்று. 1821இல் அதே வானாய்வகத்தில் ஊசலை ஆடவிட்டு இந்நகரின் புவியீர்ப்பையும் அவர் அளந்தார். புவியின் உருவத்தைக் கணிக்க உலகம் முழுவதிலிருந்தும் திரட்டப்பட்ட அளவுகளில் நம் ஊரின் அளவும் ஒன்று.

முடிவுகள் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அச்சேறிவிட்டன. அச்சேறியபின் பதிவேடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. விடை நுங்கம்பாக்கத்திலேயே இருக்கிறது. அங்கே 1796 முதல் நாள்தோறும் வானிலையைக் குறித்து வந்தார்கள். ராப் ஆலனும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் இந்த ஊரின் காற்றழுத்த வரலாற்றை அந்தப் பழைய குறிப்புகளிலிருந்து மீட்டுக் கட்டினார்கள். எல் நினோவையும் பருவமழையின் ஏற்ற இறக்கத்தையும் நூற்றாண்டுக் கணக்கில் பின்னோக்கிப் பார்க்க அது உதவுகிறது. ஆனால் பாரமானி காட்டிய எண் மட்டும் கையில் இருந்தால் போதாது. கருவி எந்த உயரத்தில் தொங்கியது, அறையின் வெப்பம் என்ன, எத்தனை மணிக்குப் பார்த்தார்கள், நடுவில் கருவியை மாற்றினார்களா என்பதெல்லாம் தெரிந்தாக வேண்டும். இவை ஆய்வுக் கட்டுரையில் வருவதில்லை. பதிவேட்டின் ஓரத்தில்தான் இருக்கும்.

அந்த வானாய்வகத்தின் பணி 1899இல் கொடைக்கானலுக்குப் போயிற்று. எஞ்சிய ஏடுகளை இன்று பெங்களூரில் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் ஆவணகம் காக்கிறது. அவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

இங்கே ஒருவரைச் சிறப்பாக நினைக்க வேண்டும். கே.ஆர். இராமநாதன் 1893இல் பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்தவர், நம் மாநிலக் கல்லூரியில் படித்தவர், கல்கத்தாவில் சி.வி. ராமனின் மாணவர். பின்னாளில் ராமன் விளைவு என்று உலகம் அறிந்த மங்கலான ஒளியை 1923இலேயே திரவங்களில் கண்டவர். 1925இல் வானிலைத் துறைக்கு வந்தார். அக்காலத்தில் பலூனில் கட்டி அனுப்பிய கருவி, ஒரு சிறு உலோகத் தகட்டில் ஊசிமுனையால் வெப்பத்தையும் அழுத்தத்தையும் கீறும். பலூன் வெடித்து ஏதோ ஒரு வயலில் விழும். கண்டெடுத்தவர் கொண்டுவந்து கொடுத்தால் சன்மானம். அந்தக் கீறலை நுண்ணோக்கியில் வைத்துப் படிப்பார்கள். அத்தகைய தகடுகள் சொன்னதைக் கொண்டுதான், பூமத்தியரேகைக்கு மேலே ஏறத்தாழ 17 கிலோமீட்டர் உயரத்தில் மிகக் குளிர்ந்த காற்று இருக்கிறது என்று 1929இல் ‘நேச்சர்’ இதழில் அவர் காட்டினார். அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். சிட்னி சாப்மனுக்குப் பின் 1954 முதல் 1957 வரை அனைத்துலகப் புவிப்பரப்பியல், புவி இயற்பியல் ஒன்றியத்தின் தலைவராகவும் இருந்தார்.

அவர் பின்னாளில் ஈடுபட்ட ஓசோன் ஆய்வு நம் கருத்துக்கு நேரடிச் சான்று. டாப்சன் கருவியால் ஓசோன் அளக்கும் நிலையத்தில் கருவியை அவ்வப்போது விளக்கு வைத்துச் சோதிப்பார்கள். கருவி மெல்ல மெல்லத் தடம் மாறியிருந்தால் அந்தச் சோதனைத் தாள்தான் காட்டிக்கொடுக்கும். தாள் இருந்தால் முப்பது ஆண்டு அளவுகளையும் திருத்திவிடலாம். தாள் தொலைந்தால் அத்தனை பேருடைய உழைப்பும் ஐயத்துக்கு இடமாகிவிடும்.

இதே ஊரின் மயிலாப்பூரில் வளர்ந்த கோட்பாட்டாளர் எஸ். சந்திரசேகரின் காகிதங்கள் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவரும் புவி இயற்பியலுக்குப் பங்களித்தவர்தான்: 1953இல் கோள ஓட்டினுள் வெப்பச் சுழற்சி எப்படித் தொடங்கும் என்று ஆராய்ந்தார், 1956இல் ஜார்ஜ் பேக்கஸுடன் சேர்ந்து காந்தப்புலத்தைப் பற்றிய கௌலிங் தேற்றத்தைக் குறித்து எழுதினார். கோட்பாட்டாளரின் ஆவணம் அவருடைய மேசையிலேயே முடிந்துவிடும். அவரே நினைத்தால் கட்டி ஒப்படைக்கலாம். அளப்பவரின் ஆவணமோ பாதி அவர் வீட்டில், பாதி அலுவலகத்தில். கடிதங்கள் குடும்பத்திடம், பதிவேடுகள் துறையிடம். ஆவணகம் கடிதத்தை மட்டும் கேட்கிறது. துறை எண்களை மட்டும் காக்கிறது. இரண்டுக்கும் நடுவே கிடக்கும் சோதனைத் தாளையும் பழுதுபார்ப்புக் குறிப்பையும் யாரும் தம்முடையதாக எண்ணுவதில்லை. என் கவலை முழுவதும் அந்த நடுப்பகுதியைப் பற்றியதே.

2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்தப் பகுதியிலும் சுற்றுவட்டாரத்திலும் கீழ்த்தள வீடுகளில் தண்ணீர் புகுந்தது. ஓய்வுபெற்ற அலுவலர்கள் நிறைய பேர் வாழும் வட்டாரம் இது. பீரோவின் அடித்தட்டில்தான் பழைய கோப்புகளை வைப்பது நம் வழக்கம். வெள்ளத்துக்குத் தப்பியது வீடு மாற்றும்போது பழைய பேப்பர் கடைத் தராசுக்குப் போகிறது.

ஆகவே மூன்று நாள் அமர்வுகளின் முடிவில் ஒரு தீர்மானத்தை எதிர்பார்க்கிறேன். காந்தவியல், நிலநடுக்கவியல், வானிலை, ஓசோன் ஆகிய துறைகளில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்களை வீடுதேடிச் சென்று பார்க்க வேண்டும். அவர்களிடம் உள்ள குறிப்பேடுகளுக்கு ஒரு பட்டியல் எழுத வேண்டும். எடுத்துவர வேண்டியதில்லை, என்ன இருக்கிறது என்று தெரிந்தால் போதும். ஒவ்வொரு ஏட்டுக்கும் எந்த நிலையம், எந்தக் கருவி, எந்த ஆண்டு, யார் கையெழுத்து என்ற நான்கையும் அவர்கள் வாயாலேயே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கையெழுத்துகளை அடையாளம் காட்டக்கூடியவர்கள் எண்பதைக் கடந்துகொண்டிருக்கிறார்கள். பட்டியலின் படிவத்தை வகுப்பதே முதல் அமர்வின் வேலை. அதில் பேச இருப்பவர்களை மேடைக்கு அழைக்கிறேன்.