தானே அணையும் காபி மெஷின்

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2015 ஜனவரி முதல் ஒரு விதி. வீட்டு உபயோகத்துக்குப் புதிதாக விற்பனைக்கு வரும் காபி மெஷின் தானாகவே அணைய வேண்டும். கண்ணாடிக் குடுவை வைத்த ஃபில்டர் மெஷின் என்றால், காபி இறங்கி முடிந்து 40 நிமிஷத்துக்குள். சூடு தாங்கும் ஃபிளாஸ்க் வைத்தது என்றால் 5 நிமிஷத்துக்குள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு.

சில பேருக்கு இது பிடிக்கவில்லை. ‘காசு கொடுத்து வாங்கினது நான், எப்போ அணையணும்னு இது முடிவு பண்றதா?’ என்று ஸ்குரு டிரைவரை எடுக்கிறார்கள். உள்ளே இருக்கிற டைமர் இணைப்பை மாற்றிவிடுகிறார்கள். நாள் முழுக்கச் சூடான காபி!

அதில் இரண்டு சங்கடம். சூட்டுத் தட்டின் மேலேயே கிடந்தால், காபியில் உள்ள குளோரோஜெனிக் அமிலம் சிதைந்து, புளிப்பும் கசப்பும் ஏறும். இன்னொன்று, குடுவை வறண்டுபோனாலும் தட்டு காய்ந்துகொண்டே இருக்கும். கண்ணாடி விரிசல் விடலாம். ஆளில்லாத வீட்டில் தீயே பிடிக்கலாம்.

காபி சூடாக இருக்க மெஷினைப் பிரிக்க வேண்டாம். இறங்கியதும் ஃபிளாஸ்க்கில் ஊற்றி மூடிவையுங்கள். மின்சாரமும் மிச்சம்; ருசியும் கெடாது!