கலங்கல் ஜலம் தெளியும் விதம்



ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடைமழை பிடித்துக்கொண்டால், பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர்ப் பிரதேசங்களில் ஏரியும் கிணறும் கலங்கிப்போவது தாங்கள் அறிந்ததே. அந்த ஜலத்தைக் குடத்தில் ஓரிரவு வைத்திருந்து மேலாக இறுத்துக்கொள்வது நம் பெண்மக்களின் வழக்கம். வழக்கம் நல்லதே, எம்மட்டும் போதும் என்பதே விசாரிக்கத் தக்கது.

மணல் உடனே அடியில் தங்கிவிடும். மண் நுண்ணியதாக ஆக, இறங்குவது மிகவும் தாமதப்படும். 1851-ம் வருஷத்தில் ஸ்டோக்ஸ் என்னும் பண்டிதர் கண்ட விதிப்படி, துகளின் குறுக்களவு பத்திலொன்றானால் அதன் வேகம் நூறிலொன்றாகிவிடும். மில்லிமீட்டரில் நூறிலொரு பங்கான வண்டல் துகள் ஓரடி இறங்க முக்கால் மணிக்குச் சற்று மேலாகும். அதிலும் பத்திலொரு பங்கான களிமண் துகளுக்கோ மூன்று நாள் போதாது. அன்றியும் களித்துகள்கள் யாவும் ஒரேவித மின்சாரம் பெற்றிருப்பதால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கின்றன.

இவ்விலகலை நீக்குவதே படிகாரத்தின் வேலை. துகள்கள் ஒட்டிப் பஞ்சுபோல் திரண்டு, கனத்து இறங்குகின்றன. நம் முன்னோர் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்ததும் இதன்பொருட்டே. படிகாரத்தை மிதமாகவே சேர்க்கவேண்டும். மிஞ்சினால் ஜலம் துவர்க்கும். முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் கலக்கி, அசையாமல் வைத்துவிடவேண்டும். இடையில் அடிக்கடி மொண்டு பார்ப்பவர்களுக்கு ஜலம் தெளிவதில்லை!

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் 2007-ம் வருஷத்தில் ஏற்பட்ட, தினம் 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கவல்ல நிலையத்திலும் முறை இதுவே. தெளிவித்து, வடிகட்டி, பின்னரே குளோரின் சேர்ப்பார்கள். தெளியவைக்கும் தொட்டிக்கு ஆழத்தைவிடப் பரப்பே பிரதானமென்று 1904-ல் ஹேஸன் என்ற அமெரிக்க இஞ்சினீயர் விளக்கினார். வீட்டிலும் நெட்டையான குடத்தைவிட அகன்ற அண்டாவே உத்தமம். துகள் இறங்கவேண்டிய தூரம் அதில் குறைவு.

மிக்க கவனத்துக்குரிய விஷயம் ஒன்றுண்டு. ஜலம் தெளிந்ததனாலேயே சுத்தமாகிவிடாது. வாந்திபேதி, விஷஜுரம் இவற்றின் கிருமிகள் பளிங்குபோன்ற ஜலத்திலும் இருக்கக்கூடும். 2015 டிசம்பரில் நேர்ந்ததுபோன்ற வெள்ளத்துக்குப் பின், கலங்கல் ஜலத்திலேயே குளோரின் மாத்திரையைப் போடுவோர் உண்டு. மாத்திரையின் சக்தியில் பெரும்பகுதியைச் சேறும் அழுக்குமே தின்றுவிடும், சேற்றில் ஒண்டிய கிருமி தப்பிவிடும், குழந்தைகள் நோயுறுவார்கள். ஆதலால் முதலில் தெளியவைத்து, மேல் ஜலத்தைத் துணியில் வடிகட்டி, பின்னரே மாத்திரை இடவேண்டும். அல்லது நன்றாகக் கொதிக்கவைக்கவேண்டும்.

அடியில் தங்கிய சகதியைக் கிணற்றடியில் கொட்டலாகாது. தூரத்தே தோட்டக்காலில் விடலாம்.