கடலைக் கணக்கிடக் கற்போம்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் கணித ஆசிரியர் ஒருவர் நிகழ்த்திய உரை)



"கணிதமும் வாழ்க்கையும்" என்று ஒரு பொருளைத் தந்து பேசும்படி பணித்தீர்கள். அது கரை காணாத கடல். நான் அதன் ஒரு கரையில் மட்டும் நின்று பேச விரும்புகின்றேன். அந்தக் கரை நமது திருகோணமலைக் கரையே.

உயர்தர வகுப்பில் இணைந்த கணிதம் பயிலும் பிள்ளைகள் என்னிடம் கேட்பதுண்டு: "ஐயா, இந்தச் சமன்பாடுகள் பரீட்சை மண்டபத்துக்கு வெளியே எங்கே உதவும்?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு மறுமொழியாகப் பாலத்தையும் விமானத்தையும் காட்டி அனுப்பிவிடுவது எனக்குப் பிடிப்பதில்லை. பாலம் கட்டுபவர் யாரோ, விமானம் செய்பவர் யாரோ. நம் வீட்டு முற்றத்துக்கு வந்த ஒன்றைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

உலகத்தை உள்ளபடியே எவராலும் கணக்கில் அடைக்க முடியாது. ஆகவே இன்றியமையாதவற்றை வைத்துக்கொண்டு, மற்றவற்றை ஒதுக்கிவிட்டு, எண்ணாலும் குறியாலும் ஒரு சிறிய உலகத்தை ஆக்கிக்கொள்கின்றோம். இதைக் கணித மாதிரியுரு என்பர். பெரியோர்களுக்கு இது புதிதன்று. பஞ்சாங்கம் என்பது வானத்தின் மாதிரியுருவே. வாக்கியம், திருக்கணிதம் என்று ஒரே வானத்துக்கு இரண்டு கணக்குகள் இருக்கின்றன. எது சரி என்று திண்ணையில் நடக்கும் வழக்கை நான் இங்கே கிளறப் போவதில்லை. கணக்கு விடையை வானத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இருந்தது என்பதே எனக்கு வேண்டியது.

இனி 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளுக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை, பூரணை விடுமுறை. காலை ஏழு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கையில் சுமாத்திராவின் வடமேற்குக் கடலடியில் நிலம் நடுங்கியது. அப்போது நமது கடிகாரங்கள் இன்றைய நேரத்தைவிட அரை மணி முன்னே ஓடின. இளைஞர்கள் கணக்குப் போடும்போது இதனை மறந்தால் விடை அரை மணி தவறிப்போகும்.

அலை இங்கு வர எவ்வளவு நேரம்? அலையின் நீளம் கடலின் ஆழத்தைவிட மிகப் பெரிதாயின், அதன் வேகம் ஆழத்தையும் ஈர்ப்பு ஆர்முடுகலையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலத்துக்குச் சமம். இதனை லக்ராஞ் என்னும் கணிதர் 18ஆம் நூற்றாண்டிலேயே கண்டார். ஆர்முடுகலைச் சுகத்துக்காகப் பத்து என்று கொள்ளுங்கள். ஆழ்கடலை 4,000 மீற்றர் என்று கொள்ளுங்கள். பெருக்கினால் நாற்பதினாயிரம், வர்க்கமூலம் இருநூறு. செக்கனுக்கு 200 மீற்றர், அதாவது மணிக்கு 720 கிலோமீற்றர். நடுக்கத்தின் மையத்திலிருந்து நமது துறைமுகம் ஏறத்தாழ 1,700 கிலோமீற்றர். வகுத்தால் இரண்டு மணி இருபத்திரண்டு நிமிடம். ஆகவே அலை ஒன்பது மணி இருபது நிமிடமளவில் வரவேண்டும் என்பது விடை.

ஆனால் கிழக்குக் கரையில் அலை ஒன்பது மணிக்கு முன்னரே ஏறிவிட்டது. இந்த வேறுபாட்டை மாணவர்கள் கவனிக்க வேண்டும். சூத்திரத்தில் தவறில்லை, நாம் கொண்ட எடுகோளில் தவறு. நடுக்கத்தை ஒரு புள்ளி என்று எண்ணினோம். உண்மையில் கடலடி நிலம் வடக்கு நோக்கி நிக்கோபார், அந்தமான் வரையில், 1,200 கிலோமீற்றருக்கு மேல் பிளந்தது. அந்தக் கோட்டில் நமக்கு அண்மையான பகுதியிலிருந்து தூரம் ஏறக்குறைய 1,300 கிலோமீற்றரே. மறுபடியும் வகுத்துப் பாருங்கள்: ஒரு மணி நாற்பத்தெட்டு நிமிடம். ஒன்பதாக ஏறத்தாழப் பதின்மூன்று நிமிடம் இருக்கையில் என்று விடை வருகின்றது. புள்ளியைக் கோடாக்கியதும் கணக்கு கடலோடு பொருந்துகின்றது.

இதே தவறு பெரிய இடத்திலும் நேர்ந்தது. ஹவாயிலுள்ள பசிபிக் எச்சரிக்கை நிலையம் நடுக்கம் நிகழ்ந்து கால்மணி நேரத்தில் அதன் அளவை 8.0 என்று மதிப்பிட்டது. பின்னர் உறுதியான அளவு 9.1. ஒன்றும் சொச்சமும்தானே என்று எண்ண வேண்டாம். அந்த அளவுகோல் மடக்கையில் அமைந்தது. வெளிப்பட்ட சக்தியில் வேறுபாடு நாற்பது மடங்குக்கும் மேல். போதாக்குறைக்கு அந்த நிலையம் காவல் செய்தது பசிபிக் சமுத்திரத்தையே. இந்து சமுத்திரத்துக்கு அன்று எச்சரிக்கை ஒழுங்கு எதுவும் இருக்கவில்லை. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நம் கையில் இருந்தது. அதைக் கணக்கிட்டுச் சொல்வார் இல்லை. இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நிலாவெளியையும் கிண்ணியாவையும் மூதூரையும் அறிந்தவர்களுக்கு நான் விரித்துரைக்கத் தேவையில்லை.

அலையின் உயரத்தைப் பற்றியும் ஒரு சொல். அன்று வங்காள விரிகுடாவின் மேலே சென்ற ஜேசன்-1 என்னும் செய்மதி, திறந்த கடலில் அலையின் உயரத்தை ஏறத்தாழ அறுபது சென்ரிமீற்றர் என அளந்தது. தோணியில் இருந்தவருக்கு அது தெரிந்தே இராது. கரையை நெருங்கி ஆழம் குறையும்போது வேகம் குறைகின்றது. பத்து மீற்றர் ஆழத்தில் மணிக்கு 36 கிலோமீற்றர்தான். வேகத்தில் இழந்ததை உயரத்தில் பெறுகின்றது. எவ்வளவு என்பதை ஜோர்ஜ் கிறீன் என்பவர் 1837இல் கணக்கிட்டார். அவர் நொட்டிங்காமில் மா அரைக்கும் ஆலைக்காரரின் மகன். சிறு வயதில் பள்ளிக்குச் சென்றது ஏறத்தாழ ஓராண்டே. வாய்க்காலில் ஓடும் அலையைப் பற்றி அவர் எழுதிய விதி நம் கடலுக்கும் பொருந்துகின்றது. ஆழம் நானூறில் ஒன்றாகக் குறைந்தால் உயரம் நாலரை மடங்காகும். அறுபது சென்ரிமீற்றர் இரண்டரை மீற்றருக்கு மேலாகிவிடும். கரைக்கு மேல் ஏறியபின் என்ன நடக்கும் என்பதை அந்த விதி சொல்லாது. அதற்கு வேறு கணக்கு வேண்டும், கணனியும் வேண்டும்.

நமது கொட்டியாரக் குடாவுக்கோ ஒரு தனிச் சிறப்பு உண்டு. துறைமுக வாயிலிலிருந்து ஆழ்கடல் நோக்கிக் கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு இறங்குகின்றது. ஆழமான இடத்தில் அலை முந்தும். இருபுறமும் ஆழங்குறைந்த இடத்தில் பிந்தும். அதனால் அலைமுகம் வளைந்து, அதன் சக்தி பள்ளத்தாக்கின் நடுவை விட்டு இருபக்கங்களுக்கும் சாயும். ஒரே குடாவில் ஓரிடம் அதிகமாகவும் மற்றோரிடம் குறைவாகவும் தாக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். கடல்வரைபடத்தின் ஆழ எண்களை வைத்து ஆராய வேண்டிய வினா இது. பல்கலைக்கழகம் செல்லும் நம் பிள்ளை ஒருவர் இதனை எடுத்துக்கொண்டால் நான் மகிழ்வேன்.

இப்போது இந்து சமுத்திரத்துக்கும் எச்சரிக்கை ஒழுங்கு உண்டு. 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நடுக்கம் நேர்ந்தபோது நம் கரையோர மக்கள் மேட்டுக்கு ஓடினார்கள். பெரிய அலை வரவில்லை. நிலம் மேலெழாமல் பக்கவாட்டில் நழுவியதே அதற்குக் காரணம். நீரைத் தூக்காத நடுக்கம் பேரலையை எழுப்புவதில்லை. "வீண் ஓட்டம்" என்று சிலர் இன்றும் நகைக்கின்றார்கள். நிலம் எப்படி நகர்ந்தது என்பதை உடனே அறிவது அரிது. அறியும் வரையில் ஓடுவதே கணக்குக்கு ஒத்த செயல் என்பது என் கருத்து.

ஆனால் எச்சரிக்கை வந்த பிறகு நடப்பதை ஹவாய்காரர் கணக்கிட்டுத் தரமாட்டார். ஒரு முதியவர் செக்கனுக்கு ஒரு மீற்றர் நடப்பார் எனில் இருபது நிமிடத்தில் 1,200 மீற்றர். கைக்குழந்தையோடு தாய்? ஊன்றுகோலோடு பாட்டனார்? ஒழுங்கையின் அகலம் என்ன? ஒரே நேரத்தில் எத்தனை பேர் அதில் நுழைவார்கள்? முச்சக்கரவண்டி ஒன்று குறுக்கே நின்றால்? 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன் அங்கே படகுப் பாதைதான். வழி மாறினால் கணக்கும் மாறவேண்டும். இவற்றைக் கொழும்பிலிருந்து எவரும் வந்து அளக்கப் போவதில்லை. அளவு நாடாவும் கடிகாரமும் ஒரு கொப்பியும் இருந்தால் நம் மன்ற இளைஞர் பத்துப் பேர் ஒரு மாதத்தில் அளந்துவிடலாம். அதற்கு ஒன்பதாம் வகுப்புக் கணிதமே போதும்.

பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். அன்று தண்ணீர் எந்த மதில் வரை வந்தது, எந்தப் படியில் நின்றது, முதலில் கடல் வற்றியதா பொங்கியதா, அப்போது மணி என்ன என்பவை உங்கள் நினைவில் இருக்கின்றன. அன்று பிறவாத பிள்ளைகள் இன்று உயர்தர வகுப்பில் இருக்கின்றார்கள். அவர்கள் கொப்பியோடு உங்கள் வாசலுக்கு வரும்போது, துயரமான கதையாயினும் மறுக்காமல் இடத்தைக் காட்டுங்கள். கதவு நிலையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு கிழித்துக் கொடுத்தாற்கூடப் போதும். நிலத்திலிருந்து அதன் உயரத்தை அவர்கள் அளந்துகொள்வார்கள்.