காதுகுத்தலும் காதுவெட்டலும்

(வாலிபர் சங்க ஆண்டுவிழாக் கூட்டத்தில் இளைப்பாறிய விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டுவிழாவிலே பேசவேண்டும் என்று சங்கக் காரியதரிசி அவர்கள் வந்து கேட்டபோது, "எதைப்பற்றி?" என்றேன். "வாலிபர்க்குப் பயன்படுவது எதுவாயினும் சரி" என்றார். ஆகவே, சென்ற ஆவணி மாதத்தில் எங்கள் வீட்டுக்குள்ளேயே எழுந்த ஒரு வழக்கை உங்கள்முன் வைக்கத் துணிந்தேன்.

கனடாவிலே வளர்ந்த என் பெறாமகன் ஒருவன் கோயில் திருவிழாவுக்காக வந்திருந்தான். வயது பத்தொன்பது. கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, "சித்தப்பா, எனக்கும் இப்பிடி ஒண்டு செய்யவேணும். வடிவாய் இருக்குதோ?" என்று கேட்டான். படத்திலிருந்த வாலிபனுடைய காதின் நடுக்குழிவிலே பென்சில் ஒன்று தாராளமாக நுழையத்தக்க வட்டத் துளை. அதனுள்ளே கருங்கல் வளையம். "இவ்வளவு பெரிய ஊசியும் உண்டோ?" என்றேன். "ஊசியில்லைச் சித்தப்பா. டேர்மல் பஞ்ச் எண்டு ஒரு கருவி. அதாலை வட்டமாய் வெட்டி எடுக்கிறது" என்றான்.

'வெட்டி எடுக்கிறது' என்ற அந்தச் சொல் என் நெஞ்சிலே தைத்தது. ஏன் தைத்தது என்பதைப் பின்னர்ச் சொல்லுவேன்.

அன்பர்களே, காதிலே துளையிடுதல் நமக்குப் புதியதன்று. சுசுருதசங்கிதையின் சூத்திரத்தானத்திலே பதினாறாம் அத்தியாயம் காதுகுத்தும் முறையையும் கிழிந்த காதைப் பொருத்தும் முறையையும் விரித்துரைக்கின்றது. குழந்தையின் காதை வெயிலுக்கு நேரே பிடித்து, ஒளி ஊடுருவித் தோன்றும் இடத்தைக் கண்டு, அவ்விடத்திலேயே குத்தவேண்டும். இடந் தவறி நரம்புகளிற் பட்டால் நோயும் வீக்கமும் உண்டாகும் என்கின்றது அந்நூல். குத்திய துளையிலே பஞ்சுத்திரியை இட்டு, மூன்று நாளுக்கொருமுறை சிறிது பருத்த திரியாக மாற்றிவரும்படியும் கூறுகின்றது. அவசரம் அங்கே இல்லை என்பதைக் கவனியுங்கள். நம் பாட்டிமார் தண்டட்டியும் பாம்படமும் அணியக் காதை வளர்த்ததும் இவ்வாறு பொறுமையாகவே. காதின் மேல்மடலிலே கொப்பும் முருகும் அணிந்தோரும் நம்மவருள் இருந்தனர். ஆயின் அத்துளைகள் சிறியன.

காதின் நடுவிலே பெருந்துளை செய்தோரும் பாரதநாட்டில் உண்டு. கோரக்கநாதர் வழிவந்த நாத யோகியரைக் 'கான்பட்டா' என்பர். காது பிளந்தவர் என்பது அதன் பொருள். முழுத் தீட்சையின் அடையாளமாக, குரு இருபுறமும் கூரிய கத்தியால் காதின் நடுக்குழிவைப் பிளப்பார். பிளவிலே வேப்பங்குச்சியைச் செருகிப் புண் ஆறும்வரை பேணி, அதன் பின்னரே பெரிய குண்டலங்களை அணிவிப்பர். காது பிளக்கப்பெறாதவரை ஔகர் என வேறாக அழைப்பர். என் பெறாமகன் கேட்ட இடமும் அந்த யோகியரின் காதுப்பிளவு இருக்கும் இடமும் ஏறத்தாழ ஒன்றே! எனினும் அவர்கள் பிளக்கிறார்களேயன்றி ஒரு துண்டை அகற்றுவதில்லை. மேலும், உலகைத் துறந்தவன் திரும்பிவராத ஒரு வழியிலே செல்வதற்கு இட்டுக்கொள்ளும் முத்திரை அது.

இனி, அந்தக் கருவியைப் பற்றிச் சொல்லுகின்றேன். டேர்மல் பஞ்ச் என்பது கைப்பிடியின் நுனியில் வட்டமான கூர்வாயுடைய சிறு குழல். 1887ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்து வைத்தியர் எட்வேட் கீய்ஸ் என்பவர் தோல்நோய்ச் சிகிச்சைக்கென இதனை அறிமுகஞ் செய்தார். இன்றும் தோல் வைத்தியர்கள் நோயுற்ற தோலிலிருந்து சிறுதுண்டு எடுத்துப் பரிசோதிப்பதற்கு இதனையே கையாளுகின்றனர். அழுத்திச் சுழற்றினால் ஒரு சிறு உருளை வடிவான துண்டு கழன்று வரும். பெரும்பாலும் 1 மில்லிமீற்றர் முதல் 8 மில்லிமீற்றர் வரை விட்டமுள்ளனவாகக் கிடைக்கும்.

ஊசித்துளைக்கும் இதற்கும் உள்ள பேதத்தை ஒரு சிறு கணக்காற் காட்டுகின்றேன். மேற்காதிலே சாதாரணமாகக் குத்தும் 14 கேஜ் ஊசியின் பருமன் 1.6 மில்லிமீற்றர். கேஜ் எண் குறையப் பருமன் கூடும். 0 கேஜ் என்பது ஏறக்குறைய 8 மில்லிமீற்றர். விட்டம் 5 மடங்கு. பரப்போ 25 மடங்கு! ஊசி பெரும்பாலும் தசையை விலக்கி வழிசெய்கின்றது; பஞ்ச், வழியிலுள்ளதையே எடுத்துவிடுகின்றது. நகையைக் கழற்றினால் ஊசித்துளை நாளடைவிற் சுருங்கலாம். பஞ்சாற் செய்த பெருந்துளை தானே மூடிக்கொள்ளாது. மூடவேண்டுமாயின் சத்திரசிகிச்சை நிபுணரிடம் போகவேண்டும். அப்பொழுதும் பழைய காது அப்படியே கிடைக்கும் என்பதில்லை.

நியாயத்தை நியாயமாகவே சொல்லவேண்டும். காதின் மேற்பகுதியைத் தாங்குவது கசியிழையம். அது காதுச்சோணையைப்போல நீளாது. சிறிய ஊசித்துளையிலே பெரிய நகையைப் பலவந்தமாகச் செருகினால் கசியிழையம் நெருக்குண்டு நோகும். ஆகவே, பெரிய நகைதான் வேண்டுமென்றால் பஞ்ச் அந்த நெருக்கத்தைத் தவிர்க்கின்றது என்று அனுபவமுள்ள காதுகுத்துவோர் கூறுவதிலே உண்மை உண்டு. கருவி கெட்டதன்று. யார் கையில், எந்த நிலையில், எவ்வளவு யோசனைக்குப் பின்னர் அது வருகின்றது என்பதே கேள்வி.

ஏனெனில் கசியிழையத்துக்குச் சொந்தமாகக் குருதிக்குழாய்கள் இல்லை. அதனைப் போர்த்துள்ள மெல்லிய உறையிலிருந்து ஊறிவரும் சத்தையே அது உண்டு வாழ்கின்றது. அந்த உறையிலே கிருமி புகுந்து சீழ் கட்டினால் கசியிழையம் பட்டினியால் இறந்துவிடும். காது தன் வடிவை இழந்து சுருங்கும். சூடோமோனாசு என்னும் பற்றீரியா இத்தகைய தொற்றுக்கு முக்கிய காரணம். தோற்புண்ணுக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் நுண்ணுயிர்கொல்லிகள் பல அதன்மீது வேலைசெய்யா.

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். ஒரே நகைக்கடையில் 118 பேர் காது குத்திக்கொண்டனர். அவர்களுள் 7 பேர்க்கு இக்கிருமித் தொற்று உறுதியாயிற்று; மேலும் 18 பேர்க்கு இருக்கலாம் எனச் சந்தேகிக்கப்பட்டது. உறுதியான எழுவரும் 10 முதல் 19 வயதுக்குட்பட்டவர்கள். எழுவரும் குத்தியது மேற்காதிலே. நால்வர் ஆஸ்பத்திரியில் தங்கவேண்டியதாயிற்று. பெரும்பாலோர்க்கு முதலிற் கொடுத்த மருந்து பயன்படவில்லை. இத்தனைக்கும் அவை சிறு துளைகள்!

என் நெஞ்சிலே தைத்தது எது என்று இப்பொழுது சொல்லுகின்றேன். என் தமக்கையின் மகள் பதினேழு வயதிலே ஒரு நகரத்துக் கடையில் மேற்காதைக் குத்திக்கொண்டாள். மூன்றாம் நாள் காது சிவந்து கொதித்தது. சோணை மட்டும் வழக்கம்போல இருந்தது. அந்த அடையாளத்தின் பொருள் எங்களுள் ஒருவர்க்கும் தெரியவில்லை. சோணையிலே கசியிழையம் இல்லை; ஆதலால் சோணையை விட்டு மேற்காது மட்டும் வீங்குமானால் கசியிழைய உறையிலே தொற்று என்று ஐயுறவேண்டும். விஞ்ஞானம் படிப்பித்த நானும், "இரண்டு நாள் பொறு, வற்றிவிடும்" என்று சொன்னேன். அந்த இரண்டு நாளும் ஒரு வாரமாயிற்று. சத்திரசிகிச்சை செய்து சீழையும் இறந்த கசியிழையத்தையும் அகற்றினார்கள். இன்று அவளுக்கு இரு பிள்ளைகள். கலியாண வீட்டுக்குப் புறப்படும்போதெல்லாம், "மாமா, முடியைக் கட்டினால் காது தெரியுதோ?" என்று இன்றும் என்னிடமே கேட்கின்றாள். அந்தக் கேள்விக்கு நான் ஒருநாளும் நேரான பதில் சொன்னதில்லை.

ஆகவே பெறாமகனைத் திட்டவில்லை. திட்டினால் விமானம் ஏறியதும் செய்துகொள்வான். பக்கத்தில் இருத்திச் சில காரியங்களைச் சொன்னேன். உங்களுக்கும் அவற்றையே சொல்லுகின்றேன்.

முதலாவது, இது காதுகுத்தலன்று, சத்திரசிகிச்சை என்று எண்ணிக்கொள். விறைக்கச் செய்யும் ஊசிமருந்தை வைத்தியரல்லாதார் ஏற்றுதல் பல நாடுகளிலே சட்டத்துக்கு மாறு. உன் ஊரின் சட்டம் யாது, செய்பவர் யார், அவர் செய்து ஓராண்டு சென்ற காதுகள் எப்படி இருக்கின்றன என்று விசாரி. இரண்டாவது, கருவி ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியப்படுவதாயும், உன் கண்முன் உறை பிரிக்கப்படுவதாயும் இருக்கவேண்டும். மூன்றாவது, நம்மவருட் பலருக்குத் தழும்பு தடித்து வளரும் இயல்பு உண்டு; உனக்கோ குடும்பத்தார்க்கோ அது இருக்குமானால் இந்த எண்ணத்தையே விட்டுவிடு. நான்காவது, சோணை ஆறுவாரமளவில் ஆறும். கசியிழையம் ஆற ஆறு மாதமோ ஓராண்டோ செல்லும். அதுவரை அந்தப் பக்கம் சரிந்து படுக்கலாகாது, நகையைத் திருகலாகாது, கிருமிநீக்கிய உப்புநீராற் கழுவினாற் போதும். ஐந்தாவது, சிவந்து கொதித்து வீங்கினால் அன்றைக்கே வைத்தியரிடம் போய், "கசியிழையத்திலே துளையிட்டேன்" என்று வாய்திறந்து சொல். கூச்சத்தால் மறைக்காதே.

கடைசியாக ஒன்று சொன்னேன்: "தம்பி, முதலிற் சிறு துளையாக ஊசியாற் குத்தி ஓராண்டு அணிந்துபார். அதன் பின்னரும் மனம் பெரிதையே கேட்குமானால், அப்பொழுது வெட்டு. வெட்டாத காதை எப்பொழுதும் வெட்டலாம். வெட்டிய காதை என்ன செய்வாய்?"

அவன் சிறிதுநேரம் பேசாதிருந்தான். பிறகு எழுந்து சென்று, முற்றத்திலே பூக்கட்டிக்கொண்டிருந்த தன் மச்சாளின் அருகே அமர்ந்து அவளோடு நெடுநேரம் கதைத்தான். அவள் தன் முடியை ஒதுக்கிக் காட்டியதை நான் விறாந்தையிலிருந்து கண்டேன். மற்றவர்க்கு அவள் அதைக் காட்டியதே இல்லை. மறுநாட் காலையில், "சித்தப்பா, ஒரு வருஷம் பொறுத்துப் பார்க்கிறன்" என்றான்.

வாலிப அன்பர்களே, உங்கள் உடம்பு உங்களுடையதே. அணிகலன் விரும்புதல் குற்றமன்று. தோடும் குழையும் நம் தெய்வங்களும் அணிந்தவையே. குத்துவதற்கு ஒரு நாள் யோசியுங்கள். வெட்டுவதற்கு ஓராண்டு யோசியுங்கள். உங்கள் வீட்டிலே ஒரு பிள்ளையின் காது சிவந்தால், "இரண்டு நாள் பொறு" என்று நான் சொன்னதுபோலச் சொல்லாதீர்கள்.