எலுமிச்சம்பழமும் தலைக்கவசமும்

(ஆலய மண்டபத்தில் நடைபெற்ற இளைஞர் தின நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

 

மோட்டார் சைக்கிளின் நன்மை தீமைகளைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நன்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தை விட்டுப் பட்டணத்திற்கு வந்த நம் குடும்பங்கள் பலவற்றின் முதல் வாகனம் 'கப்சாய்'தான். செபராங் பிறையிலிருந்து பாலத்தைக் கடந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் பலருக்குச் சோறு போடுவது அதுதான். எண்ணெய்ச் செலவு குறைவு. 2019 ஜனவரி முதல் பினாங்குப் பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கட்டணமும் இல்லை.

ஆனால், நம் நாட்டுச் சாலைகளில் ஆண்டுதோறும் மாண்டுபோகிறவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. காரில் செல்பவரைச் சுற்றி இரும்பு இருக்கிறது. இவருக்கோ உடம்பு ஒன்றுதான் உண்டு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறார். ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்துவதற்குள் அந்த வினாடி போய்விடும். வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும்.

தலைக்கவசம் அணிய வேண்டுமென்பது இங்கு 1973 முதல் சட்டம். அது மரண அபாயத்தை ஏறத்தாழ 42 விழுக்காடும், தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் குறைப்பதாகப் பல நாட்டு ஆய்வுகளின் தொகுப்பு கூறுகிறது. வாரைப் பூட்டாமல் அணிந்தால், விழும்போது கவசம் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம்!

என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு மாலை, ரொட்டி வாங்க அரை கிலோமீட்டர் தூரத்திலுள்ள கடைக்குப் புறப்பட்டான். "பக்கத்தில்தானே அண்ணே" என்று தலைக்கவசத்தை வண்டியின் முன்கூடையிலேயே வைத்துக்கொண்டான். சந்திப்பில் ஒரு கார் திடீரெனத் திரும்பியது. அவன் வீடு திரும்பவில்லை. கூடையில் இருந்த தலைக்கவசத்தில் ஒரு கீறல்கூட இல்லை. எங்கள் அம்மா அதைப் பல ஆண்டுகள் அலமாரியில் வைத்திருந்தார்.

அவன் வண்டி வாங்கியபோது கோயில் வாசலில் பூசை போட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்தவன் நான். பூசையில் ஒரு குறையும் இல்லை. ஆனால், பூசை ஒரு நாள் செய்வது. வாரைப் பூட்டுவது ஒவ்வொரு நாளும் செய்வது. அதை நான் அவனுக்குச் சொல்லவில்லை.

பெற்றோர்களே, லைசன்ஸ் எடுக்க 16 வயது நிறைய வேண்டும். அதற்கு முன் "கடைக்குத்தானே" என்று சாவியைக் கொடுக்காதீர்கள். ஆலய நிர்வாகத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். இனி வாகன பூசையில் தலைக்கவசத்தையும் வைத்துத் திருநீறு இடச் செய்யுங்கள். பூசை முடிந்ததும் தாயோ தந்தையோ அதைப் பிள்ளையின் தலையில் அணிவித்து, வாரைப் பூட்டிவிட்டு, அதன் பிறகு எலுமிச்சம்பழத்தின்மேல் வண்டி ஏறட்டும்.