இரண்டு கப்பலை இழந்தவர்



மனிதனை உருவாக்குவது வெற்றியா, தோல்வியா? எதிரணியில் பேசிய அம்மையார், "தோத்தவனை எவன் திரும்பிப் பாக்குறான்?" என்று கேட்டார்கள். பார்த்தார்கள் அம்மா! அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

ராபர்ட் ரைடர். பிறந்தது நம்ம இந்தியாவில், 1908ல். அப்பா, இந்திய நில அளவைத் துறைக்கே தலைவராக இருந்தவர். பிள்ளை பிரிட்டிஷ் கடற்படைக்குப் போனார். 1940ல் அவருடைய கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. மரத்துண்டைப் பிடித்துக்கொண்டு நாலு நாள் கடலில் கிடந்து பிழைத்தார். மறுபடி ஒரு கப்பல் கொடுத்தார்கள். 1941ல் அது இன்னொரு கப்பலோடு மோதி மூழ்கிப் போச்சு! நம்ம ஊரா இருந்தா என்ன சொல்வோம்? "இவன் கால் வெச்ச கப்பல் கரை சேராதுப்பா!" (சிரிப்பு) மேலிடமும் முகம் சுளித்து, கரையில் மேசை வேலைக்கு அனுப்பிவிட்டது.

அந்த மனிதரைத்தான் 1942ல் கூப்பிட்டார்கள். பிரான்சின் சான் நசேர் துறைமுகம் அப்போது ஜெர்மானியர் கையில். அவர்களுடைய ராட்சதப் போர்க்கப்பல் டிர்பிட்ஸ் அடிபட்டு வந்தால், அந்த அட்லாண்டிக் கரையில் அதை ஏற்றிப் பழுதுபார்க்க அங்கே ஒரே ஒரு உலர்துறைதான் உண்டு. அதை உடைக்கணும். பழைய கப்பல் ஒன்றின் முன்பக்கத்தில் நாலரை டன் வெடிமருந்தை ஒளித்து, மார்ச் 28 பின்னிரவில், குண்டுமழைக்கு நடுவே அந்தத் துறையின் கதவில் கொண்டுபோய் மோதினார்கள். படைக்குத் தலைவரான ரைடர் என்ன செய்தார்? தானே கரையில் இறங்கி, கப்பல் சரியாக மாட்டியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் திரும்பினார். ரெண்டு கப்பலை இழந்தவருக்குத் தெரியும், "எல்லாம் சரியா இருக்கும்"னு நம்பிட்டுப் போகக் கூடாதுன்னு! (கைதட்டல்) அன்று பகலில் அது வெடித்தது. போர் முடியும்வரை அந்த உலர்துறை யாருக்கும் பயன்படவில்லை.

விலை சின்னதல்ல. போன 600க்கும் மேற்பட்டவர்களில் 169 பேர் உயிர்விட்டார்கள். ரைடருக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. அதே ஆகஸ்டில் டியெப் துறைமுகத்தைத் தாக்கப் போனார். உள்ளே நுழையவே முடியவில்லை. பதக்கம் வழிகாட்டவில்லை அம்மா!

தாய்மார்களே, நாளைக்கு உங்க பிள்ளை கணக்குல தோத்துட்டு வாசல்ல வந்து நிப்பான். "நீ எதுக்கும் லாயக்கில்லை"ங்கிற ஒரு வார்த்தையை மட்டும் சொல்லிடாதீங்க. முதல்ல சோறு போடுங்க. அவனுக்கும் இன்னொரு கப்பல் வரும்.

மனிதனை உருவாக்குவது தோல்வியே என்று தீர்ப்பளிக்க வேண்டி அமர்கிறேன்.