செப்புக் குழாயும் நம் பிள்ளைகளும்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கைத்தொழிலைப் பேசுமுன் உரிமையைப் பேசுவோம். தோட்டக் குடியிருப்புக்கு இலவசமாகப் போதிய குழாய்த் தண்ணீர் தருவது முதலாளியின் கடமை என்று மலேசியாவின் 1990ஆம் ஆண்டு 446ஆம் எண் சட்டம் கூறுகிறது. ஆகவே லயத்துக் குழாய் ஒழுகினால் நாம் ஊதுவிளக்கைத் தூக்க வேண்டியதில்லை. எழுத்து மூலம் புகார் கொடுப்போம். கிராணிமார்கள் எழுதி உதவ வேண்டும்.

ஆனால் தோட்டத்தை விட்டுச் சொந்த வீடு கட்டியவர்கள் நம்மில் பலர். அவர்கள் வீட்டுச் சுடுநீர்க் குழாய் செம்பாக இருந்தால், அதன் மூட்டைப் பற்றவைக்கும் முறையை அறிந்திருப்பது நல்லது. மீட்டரிலும் பொதுக் குழாயிலும் மட்டும் கை வைக்கலாகாது.

முதலில் தண்ணீரை அடைத்து, குழாயை முற்றும் வடிய விடுங்கள். உள்ளே சிறிது நீர் தங்கினாலும் ஆவியாகிச் சூட்டைத் தின்றுவிடும், மூட்டு பிடிக்காது. குழாயை நேராக அறுத்து, உள்விளிம்பின் பிசிறை நீக்குங்கள். குழாயின் முனையையும் மூட்டின் உட்புறத்தையும் உப்புத்தாளால் பளபளக்கத் தேயுங்கள். பிளக்ஸ் பசையை மெல்லப் பூசிச் செருகுங்கள்.

இனி நெருப்பு. சுடரை ஈயக் கம்பியில் காட்டாதீர்கள், மூட்டில் காட்டுங்கள். சூடேறியதும் சுடரை விலக்கி, கம்பியை மறுபக்கத்தில் தொட்டால் அது உருகி இடுக்கெங்கும் தானே ஓடிப் பரவும். பால் வெட்டுக் கோட்டைப் பிடித்து ஓடுவதை நாம் நாள்தோறும் காண்கிறோம் அல்லவா? உளி ஆழம் போனால் மரம் கெடுவதுபோல், சூடு மீறினால் பசை கருகி மூட்டு கெடும். ஆறும்வரை அசைக்காதீர்கள். ஆறிய பிறகு ஈரத் துணியால் துடைத்து, தண்ணீரைத் திறந்து, நன்றாக ஓடவிட்டுப் பசையைக் கழுவுங்கள்.

பலகைச் சுவருக்கருகே வேலையானால் இடையில் தகரம் வையுங்கள். ஒரு வாளித் தண்ணீரும் ஈரச்சாக்கும் பக்கத்தில் இருக்கட்டும். வேலை முடிந்தும் அரைமணி நேரம் அங்கேயே காவல் இருங்கள். பலகைக்குள் புகைந்த நெருப்பு பிறகுதான் எழும்பும்.

கடைசியாக ஒன்று. "வானொலி பழுதுபார்த்த கம்பி வீட்டில் கிடக்கிறதே, அது போதாதா?" என்று கேட்பார்கள். போதாது, தோழர்களே! பழைய கம்பிகள் பலவற்றில் வெள்ளீயத்தோடு காரீயமும் கலந்திருக்கும். அது தண்ணீரில் கரைந்து வயிற்றுக்குள் போகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தீங்கற்ற அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டே குடிநீர்க் குழாய்க்குக் காரீயப் பற்றைச் சட்டத்தால் தடுத்துவிட்டார்கள். கடையில் "காரீயம் இல்லாதது" என்று கேட்டு வாங்குங்கள். அது உருகச் சற்றுக் கூடுதல் சூடு வேண்டும். விலையும் சற்றுக் கூடும். இந்தச் சில காசை மிச்சம் பிடிக்கலாகாது.

நாம் மரம் வெட்டிப் படிக்க வைக்கும் பிள்ளைகளின் அறிவை நம் வீட்டுக் குழாயே திருடுவதற்கு இடங்கொடுக்கலாமா? கூடாது!